என் ஊக்கு குத்திய கைகள்

எனக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் காட்டிக்கொடுத்தது இறால்தான். இருபத்தைந்து வருடமாக இறாலோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு, சில நாள் கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பது எங்கள் வேலை. பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனை ஓலையில் முடைந்த கூடை ஒன்று இருக்கும், பறி என்போம். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். அப்படிக் கடித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில், மூக்குக்கு நேர் கீழே துள்ளிய இறாலின் வாடை தாங்க முடியாமல் போய் ஏரியிலேயே வாந்தி எடுத்தேன். பறி மிதந்து போயிற்று. பக்கத்தில் நின்ற வசந்தா அக்கா அதை எட்டிப் பிடித்துவிட்டு, "இன்னாடி தேசம்மா, இந்த வயசுல மறுபடியுமா?" என்றாள். எனக்கு வயது நாற்பத்து நான்கு. பெண்ணைக் கட்டிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

வசந்தா அக்காவின் படகில் நாங்கள் ஆறு பேர் போவோம். அக்கா, அவள் மருமகள் சுகன்யா, நான், இன்னும் மூன்று பெண்கள். கரையோரத்திலேயே தடவினால் குழம்புக்குத் தேறும், விற்கத் தேறாது. நல்ல இறால் கிடைக்கிற இடத்துக்குப் படகு வேண்டும், பக்கத்தில் நாலு ஆளும் வேண்டும். அதனால் எங்களுக்குப் படகில் ஓர் இடம் என்பது சோற்றுக்கு வழி.

அந்தக் கூட்டத்தில் எனக்கு இன்னொரு மரியாதையும் இருந்தது. முள் எடுப்பதில் நான் கைராசிக்காரி. சேற்றில் கையை விடுகிறவர்களுக்குக் கெளுத்தி முள் குத்தும், சிப்பிச் சில்லு ஏறும், நண்டு பிடித்த இடம் சீழ் வைக்கும். கரைக்கு வந்து வேலிகாத்தான் நிழலில் உட்கார்ந்ததும் ஒவ்வொருத்தியாகக் கையையும் காலையும் என் மடியில் நீட்டுவார்கள். நம் ஊர்ப் பெண்கள் எல்லோரையும் போல என் தாலிக் கயிற்றிலும் ஓர் ஊக்கு தொங்கும். அதை எடுத்துப் புடவை ஓரத்தில் ஒரு துடை துடைத்து, வலிக்காமல் முள்ளை நெம்பி எடுத்துவிடுவேன். துடைத்தது மட்டும்தான் சுத்தம் செய்தது. முதலில் என் விரலில் இருப்பதை எடுத்துக்கொண்டு, அதே ஊக்கால் அடுத்தவள் கையில் எடுப்பேன். ரத்தம் கசிந்தால் ஏரித் தண்ணீரில் அலசுவாள், அவ்வளவுதான். என் ஊக்கு அவசரத்துக்கு வசந்தா அக்காவிடம் போகும், அவளுடையது என்னிடம் வரும்.

வாந்தி எடுத்த நாலாம் நாள் சிறுநீர் பால் விடாத டீ மாதிரி போயிற்று. அன்று என் வீட்டுக்காரர் ஏழுமலை நண்டு வலையை உதறிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, "கண்ணு மஞ்சளா கீதே" என்றார். காமாலை என்று தெரிந்ததும் எனக்குப் பெரிய பயம் ஒன்றும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் காமாலை வராத வீடு கிடையாது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தேன். உப்பை நிறுத்தினேன், எண்ணெயை நிறுத்தினேன். தெருவே வந்து விசாரித்தது. ஒருத்தி இளநீர் கொண்டுவந்தாள், ஒருத்தி கரும்புச் சாறு வாங்கிவந்தாள். வசந்தா அக்கா தினம் காலையில் ஒரு செம்பு மோரை வைத்துவிட்டுத்தான் படகுக்குப் போவாள். அந்தப் பத்து நாளும் எல்லோருக்கும் நான் செல்லமாக இருந்தேன் என்றே சொல்லலாம்.

உடம்புதான் ஒத்துவரவில்லை. வயிறு கல்லாகக் கனத்தது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வந்தது. உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுந்தேன். பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "மோர் குடிச்சு சரியாகுற விஷயம் இல்லம்மா, உடனே போங்க" என்று பொன்னேரிக்கு எழுதிக் கொடுத்தார். பொன்னேரியில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டுச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ரயிலில் ஏழுமலை எனக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக்கொடுத்து, மீஞ்சூர் தாண்டும்வரை கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்த மனுஷன் இல்லை. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

ஆஸ்பத்திரி என்றால் நோய்க்கு ஒரு பங்கு, காத்திருப்புக்கு மூன்று பங்கு. சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை. எந்த வரிசையில் நின்றாலும் நமக்கு முன்னால் ஒரு ஆள் காகிதம் மறந்துவிட்டு வந்திருப்பார். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து ஓர் ஆள் தலையை நீட்டி, "ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ், தேசம்மா, யாரு?" என்று இறால் ஏலம் கூறுகிறவர் குரலில் கேட்டார். எனக்கு அது என்னவென்று தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மடியில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து எதிர்ப் பெஞ்சுக்குப் போய்விட்டார். நான் கையைத் தூக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேறு தேசம்மா யாராவது எழுந்து போகமாட்டாளா என்றிருந்தது.

வார்டு டாக்டர் சின்னப் பெண். பொறுமைசாலி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "காமாலைங்கிறது நோய் இல்லம்மா, உள்ள கல்லீரல் கஷ்டப்படுதுன்னு வெளிய தெரியுற அடையாளம். கெட்ட தண்ணியால வர்ற கிருமியும் உண்டு, அது பெரும்பாலும் வந்து போயிடும். உங்களுக்கு இருக்கிறது ரத்தத்துல தங்குற கிருமி. பல வருஷமா சத்தமில்லாம இருந்திருக்கலாம். இப்ப திடீர்னு கிளம்பி கல்லீரலைத் தாக்கியிருக்கு." விட்டுவிட்டால் கல்லீரல் சுருங்கிப்போகும், சிலருக்குப் புற்றாகக்கூட மாறும் என்றார். மாத்திரை இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், தினம் ஒன்று, டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. கிருமியை அடியோடு விரட்டாது, அடக்கிவைக்கும். அடக்கிவைத்தால் எல்லோரையும் போல வாழலாம்.

ஏழுமலை, "எய்ட்ஸ் மாதிரிங்களா?" என்று கேட்டார். "அது வேற, இது வேற. ஆனா ரத்தத்தால பரவும், தாம்பத்தியத்தால பரவும், பிரசவத்துல தாய்கிட்டேர்ந்து பிள்ளைக்குப் போகும்" என்றார் டாக்டர். டாக்டர் போனதும் என் வீட்டுக்காரர் தண்ணீர் பிடிக்கிறேன் என்று மூன்று முறை வெளியே போய்வந்தார். விளக்குப் போடுகிற நேரத்தில் என் பக்கம் திரும்பாமலே, "அம்மன் சத்தியமா நான் எங்கியும் போனது இல்ல" என்றார்.

"நான் கேட்டனா?"

"நீ கேக்கல. அதான் பயமா கீது."

"அப்ப நான் போனேன்னு நெனைக்கிறியா?"

அவர் என்னைப் பார்த்தார். மூஞ்சி அழுகிற மாதிரி போய், கடைசியில் சிரிப்பாக வந்தது. "நீ எங்க போவ, சேத்த வுட்டா வூடு, வூட்ட வுட்டா சேறு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த மனுஷனை எத்தனை ஜென்மத்துக்கும் மன்னிக்கலாம்.

அடுத்த நாள் அவரும், மீஞ்சூரில் இருக்கிற என் பெண் கவிதாவும் ரத்தம் கொடுத்தார்கள். பெண்ணுக்கு என்னிடமிருந்து பிறக்கும்போதே போயிருக்குமோ என்ற நினைப்பில் இரண்டு நாள் எனக்குத் தண்ணீர் இறங்கவில்லை. இரண்டு பேருக்கும் இல்லை என்று வந்தது. இருவரும் தடுப்பூசி மூன்று தவணை போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். புயல் எச்சரிக்கையிலும் படகு எடுக்கிற ஏழுமலை ஊசிக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், கவிதா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் தினம் கம்பெனி வேலை முடிந்து ரயில் ஏறி, ரசம் சாதம் எடுத்துக்கொண்டு வருவாள். ஏழுமலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊருக்குப் போய் வலை போட்டுவிட்டு வருவார். மீன் வாடை வந்தால் எனக்குக் குமட்டும் என்று வார்டுக்குள் வருமுன் குழாயடியில் நின்று பல் பேஸ்ட் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவாராம். பக்கத்துக் கட்டில்காரி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எட்டாம் நாள் ஆலோசகர் ஒருவர் வந்தார். தடிமனான மூக்குக் கண்ணாடி, கையில் படம் போட்ட அட்டை. முதலில் எதனால் பரவாது என்று காட்டினார். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. டம்ளரால் பரவாது. தொட்டால், இருமினால், ஒரே பாயில் உட்கார்ந்தால், பிள்ளையைத் தூக்கினால், ஏரியில் சேர்ந்து இறங்கினால் பரவாது. எனக்கு நெஞ்சு லேசாயிற்று. பிறகு அட்டையைத் திருப்பி, எதனால் பரவும் என்று காட்டினார். சுத்தம் செய்யாத ஊசி, பச்சை குத்துகிற ஊசி, அடுத்தவர் சவர பிளேடு, பல் பிரஷ். "ரத்தம் பட்ட எதுவும். காய்ஞ்ச ரத்தம்கூட. கண்ணுக்குத் தெரியாத அளவுகூடப் போதும், நாள் கணக்குல அந்தக் கிருமி உயிரோட இருக்கும்" என்றார்.

என் கை தானாகத் தாலிக் கயிற்றுக்குப் போயிற்று. ஊக்கு அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் கேட்டார், "இன்னாம்மா, ஏதாவது ஞாபகம் வருதா?" நான் இல்லை என்று தலையாட்டினேன்.

ஞாபகம் வந்தது. வாந்தி எடுப்பதற்கு முந்தின வாரம் சுகன்யாவின் குதிகாலில் சிப்பிச் சில்லு ஏறியிருந்தது. அன்று முதலில் என் கட்டைவிரலில் முள் எடுத்து, ரத்தத்தைப் புடவையில் துடைத்துவிட்டு, அதே ஊக்கால் அவள் குதிகாலை நெம்பினேன். நல்ல ஆழம். "வலிக்குதாடி?" என்றேன். "நீ எடுத்தா வலிக்காது சின்னத்த" என்றாள். அவளுக்கு அப்போது நாலாம் மாதம். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோதே ரத்தம் எடுத்துப் பார்த்திருப்பார்கள், ஆனால் அது அந்தக் குதிகாலுக்கு முன்னால்.

மீதி மூன்று நாளும் எனக்கு ஆஸ்பத்திரி நினைவே இல்லை. சொன்னால் என்னவாகும் என்பது தெரியும். அந்தப் பெஞ்சில் பையைத் தூக்கிக்கொண்டு போன அம்மாவை நான்தான் பார்த்திருந்தேனே. முன்பின் தெரியாதவள் செய்ததை என் ஊர்க்காரி செய்தால் தாங்குவேனா? படகில் இடம் போகும். சொல்லாவிட்டால் என்னவாகும் என்பதும் தெரியும். சுகன்யா வயிற்றில் ஒரு பிள்ளையும் இருந்தது. ஏழுமலையிடம் சொன்னேன். "நீ சொல்லாத, ஊக்க மட்டும் தூக்கிப் போட்டுடு. ஊர்ல காமாலைன்னுதான சொல்லிக்கீறோம், அப்படியே கெடக்கட்டும்" என்றார். அவர் சொன்னது எனக்குப் பிடித்தே இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தேன். ஊக்கை உடைத்துக் கழிவறைக் குழியில் போட்டேன். தெரு மறுபடி வந்து விசாரித்தது. வசந்தா அக்கா மோரோடு வந்து, "காமாலைக்குப் போய் பட்டணத்துல பதினோரு நாளா, உன்ன ராணி மாதிரி படுக்க வெச்சிக்கிறானே உன் புருசன்" என்று கிண்டல் செய்தாள். மோர் நன்றாக இருந்தது. குடிக்கும்போது தலையைத் தூக்கி அவளைப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். முதல் நாள் நான் தண்ணீரில் இறங்காமல் கரையில் இறால் பிரிக்க உட்கார்ந்தேன். பகல் பத்து மணி இருக்கும். படகு வந்ததும் சுகன்யா நேராக என்னிடம் வந்து உள்ளங்கையை நீட்டினாள். கெளுத்தி முள், நுனி ஒடிந்து உள்ளே நின்றிருந்தது.

"எடுத்து வுடு சின்னத்த. நீ இல்லாம ஒண்ணர மாசமா அத்ததான் குத்திக் கிழிக்குது."

"ஊக்கு இல்லடி."

"அதனால இன்னா," என்று வசந்தா அக்கா தன் கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றிப் புடவையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். அதன் நுனியில் அன்றைக்கே வேறு யாருக்கோ எடுத்த ரத்தம் பழுப்பாக இருந்தது. அந்த ஊக்கும் எத்தனையோ முறை என் கையில் ஏறிய ஊக்குத்தான். அதைக் கையில் வாங்கினேன். சுகன்யாவின் வயிறு என் முகத்துக்கு நேராக இருந்தது. என் ஊக்கைக் குழியில் போட்டு என்ன பிரயோஜனம் என்று அப்போதுதான் உறைத்தது.

"இத யாரும் யாருக்கும் குத்தாதீங்க," என்றேன். "எனக்கு வந்தது வெறும் காமாலை இல்ல. ரத்தத்துல கிருமி. ஹெபடைடிஸ் பின்னு பேரு. ஊக்கால பரவும். சுகன்யா, நீ நர்சம்மாகிட்ட போயி ரத்தம் குடுத்துப் பாருடி. இன்னிக்கே போ."

சுகன்யா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு வசந்தா அக்கா மெதுவாகக் கேட்டாள், "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ஆஸ்பத்திரில சொன்னாங்க."

"ஒரு மாசமா தெரியும். தெரிஞ்சிக்கினே என் கையால மோர் வாங்கிக் குடிச்சிக்கீற."

அவள் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், வாய்ச்சண்டையில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. அவள் சுகன்யாவின் தோளைப் பிடித்துத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குப் படகு இல்லை. டீக்கடையில் எனக்கு மட்டும் காகிதக் கப்பு. குழாயடியில் என் குடத்தைத் தள்ளிவைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் வாங்காமல் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள். மோர் செம்பு வரவில்லை. உடம்பில் இருந்த கிருமி அதே கிருமிதான். காமாலை என்றபோது இளநீர் வந்தது, பேரைச் சொன்னதும் காகிதக் கப்பு வந்தது. எனக்கு ஆத்திரம் எதில் என்றால், டம்ளரைத் தள்ளிவைத்தவர்கள் ஊக்கைத் தள்ளிவைக்கவில்லை. நான் தனியாகக் கரையோரம் குழம்புக்கு இறால் தடவிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் வேலிகாத்தான் நிழலில் ஒரே ஊக்கு ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போவது தெரியும். இங்கிருந்து கத்தினேன், கேட்டும் கேளாத மாதிரி இருந்தார்கள்.

கிராமத்து நர்சம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், குதிகாலையும் சேர்த்து. அதற்கு முன்பே சுகன்யா மாமியாருக்குத் தெரியாமல் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவளுக்கு இல்லை, சின்னத்தையிடம் சொல்லிவிடுங்கள் என்று அவளே சொல்லிவைத்திருந்தாளாம். நர்சம்மா அதைச் சொன்னபோது சுகாதார நிலையத்துப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும், அதற்குள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், கர்ப்பிணிக்கும் போடலாம் என்றார். பிறக்கிற எந்தப் பிள்ளைக்கும் முதல் நாளே ஓர் ஊசி உண்டு, தாய்க்குக் கிருமி இருந்தால் கூடுதலாக இன்னொன்றும் போட்டுப் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். இது தெரியாமல்தானே இத்தனை பயந்தோம்.

அடுத்த வாரம் நர்சம்மா கரைக்கே பெட்டியோடு வந்து படகில் போகிற எல்லோருக்கும் விரலில் குத்திப் பார்த்தார். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு புது ஊசி, குத்தியதும் டப்பாவில் போட்டார். ஆளுக்கு ஒரு புது ஊக்கு கொடுத்து, "உங்க முள்ள உங்க ஊக்குலதான் எடுக்கணும், எடுத்தப்புறம் சோப்பு போட்டுக் கழுவி பிளாஸ்திரி ஒட்டணும்" என்றார். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். யாருக்கு என்ன வந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தனித்தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் வசந்தா அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள். ஏழுமலை ஏரிக்குப் போயிருந்தார். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவளாக வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். நான் குடிக்கிற டம்ளரிலேயே மொண்டு கொடுத்தேன். வேண்டுமென்றேதான் கொடுத்தேன். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் கீதாம்," என்றாள். "பொன்னேரில போயி பெரிய டெஸ்டு எடுத்தாங்க. உன்னுது மாதிரியேதான். ஆனா கண்ணுல மஞ்சள் இல்ல, ஒண்ணும் இல்ல. எத்தினி வருசமா கீதோ தெரியலயாம்."

நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"எங்கிட்டேர்ந்து உனக்கு வந்துதா, உங்கிட்டேர்ந்து எனக்கு வந்துதா?" என்று கேட்டாள்.

"டாக்டருக்கே தெரியாதுக்கா."

"நானும் கேட்டேன். அதேதான் சொன்னாரு." காலி டம்ளரைத் தரையில் உருட்டினாள். "உன்னால சுகன்யாவுக்கு வந்துடுச்சோன்னு உன் தலைல மண்ண வாரிப் போட்டேன். நீ படகுக்கு வராத அத்தினி நாளும் என் ஊக்காலதான் அவளுக்கு எடுத்தேன்."

எனக்கு அப்போது முதலில் வந்தது நிம்மதி. நான் மட்டும் இல்லை என்கிற நிம்மதி. இரண்டு மாதமாக என்னை நானே தின்றுகொண்டிருந்தேன். அந்த நிம்மதி வந்ததும் வெட்கமாக இருந்தது. எதிரில் ஒருத்தி நடுங்கிக்கொண்டிருக்கிறாள், நான் எனக்குள் மூச்சு விட்டுக்கொள்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழட்டும் என்று விட்டேன்.

அழுது முடித்துவிட்டு, "சுகன்யாகிட்டயும் அவளுங்ககிட்டயும் நீயே சொல்லிடேன். உனக்குத்தான் சொல்லிப் பழக்கம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னுத நான் சொன்னேன், உன்னுத நீதான் சொல்லணும். வேணும்னா கூட வர்றேன்."

"என்னயும் தள்ளி வெச்சிடுவாங்கடி."

"படகு உன்னுது. எங்க தள்ளுவாங்க?"

மறுநாள் பகலில் அவர்கள் இறால் பிரிக்கிற நேரத்தில் நானும் அவளோடு போய் நின்றேன். ஏரிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவைக்கிற தொண்டை வசந்தா அக்காவுக்கு. அன்று அந்தத் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்தினாள். மூன்றாவது முறை, "தேசம்மாவுக்கு இருக்குறது எனக்கும் கீது. இப்ப வந்தது இல்ல, ரொம்ப நாளா கீது. இத்தினி நாளும் நாமெல்லாம் ஒண்ணாத்தான் தின்னோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று பெண்களும் இறாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் புது ஊக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். யாரும் எழுந்து போகவில்லை, யாரும் கிட்டேயும் வரவில்லை.

சுகன்யாவுக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. தண்ணீரில் இறங்குவதை நிறுத்தியிருந்தாள். மறுநாளைக்குப் பறிகளை ஊறவைப்பது அவள் வேலை, ஓலை காய்ந்திருந்தால் முகவாயைக் கீறும். நானும் இல்லை, அவளும் இறங்குவதில்லை என்றான பிறகு தினம் நாலு பறிதான் ஊறும். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து பறிகள் கிடந்த இடத்துக்குப் போனாள். அங்கிருந்து திரும்பி, மாமியாரைப் பார்த்துக் கேட்டாள்.

"அத்த, நாளைக்கு நாலு பறி ஊற வெக்கட்டுமா, அஞ்சா?"

வசந்தா அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மற்ற மூன்று பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். யாரும் மறுக்கவில்லை.

"அஞ்சு," என்றாள்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய் நான் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.